எனக்கில்லாத வருத்தத்துக்கு நான் விற்ற மருந்து

போன மாதத்தில் ஒரு காலை. பரமேஸ்வரியைக் கூட்டிக்கொண்டு ஊர்காவற்றுறை ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்று அவள் வீட்டுப் படலையைத் திறந்தேன்.

கிளினிக் நாள். அவளுக்குச் சீனி வருத்தம், எனக்குப் பிரஷர். இரண்டு பேரும் ஒரே பஸ்ஸில் போய், ஒரே மரவாங்கில் இருந்து காத்திருந்து, ஊர்ப் புதினமெல்லாம் கதைத்து முடித்து, ஆளுக்கொரு பை குளிசையோடு திரும்பி வருவோம். சுருவிலில் எங்கள் இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரு வேலிதான். அந்த வேலியிலும் ஆள் நுழைந்து போகிற ஒரு பொட்டு இருக்கிறது.

அன்றைக்கு அவள் வெளிக்கிட்டிருக்கவில்லை. வீட்டுச் சீலையோடு கதிரையில் இருந்தாள். கையில் ஒரு கிளாஸ். அதற்குள் சாணி கரைத்தது போலப் பச்சையாக ஏதோ.

"என்ன பரமேஸ், பஸ் வரப்போகுது. உதென்ன கோதாரியைக் குடிக்கிறாய்?"

"நான் வரேல்லை அக்கா. எனக்கு இனிக் கிளினிக் தேவையில்லை."

"ஆர் சொன்னது?"

பரமேஸ் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "என்ன பகிடியோ? நீங்கள்தானே சொன்னனீங்கள்!"

நானா?

போனை எடுத்து, விரலால் நாலு தட்டுத் தட்டி, என் மூக்குக்குக் கிட்டப் பிடித்தாள். அதற்குள் நான் இருந்தேன்.

இந்தப் பத்தியின் தலையில் கிழமைக்குக் கிழமை உங்களைப் பார்த்துக்கொண்டிருக்கிறதே ஒரு முகம் — அதே முகம். வேலணையில் ஒரு வாசிகசாலை விழாவில் பேசியபோது கட்டியிருந்த அதே மஞ்சள் சீலை. வாய் திறந்தது. "வணக்கம் மக்களே! பல வருஷமா சர்க்கரை நோயால நான் பட்ட பாடு இருக்கே... இந்த மூலிகைத் தூளைக் குடிச்சேன். மாத்திரையை எல்லாம் குப்பையில வீசிட்டேன்!"

என் வாய். கிட்டத்தட்ட என் குரல். ஆனால், எனக்குச் சீனி வருத்தமே கிடையாது. பிறந்ததிலிருந்து ஒருவரையும் நான் 'மக்களே' என்று கூப்பிட்டதும் கிடையாது. இன்னொன்று — போனுக்குள் இருந்தவளுக்கு முன்பல் வரிசை முழுசாக இருந்தது. என் வாயில் அந்த இடத்தில் காற்றுத்தான் போய்வருகிறது.

"பரமேஸ், உது நான் இல்லையடி."

"உங்கடை முகம் எனக்குத் தெரியாதோ?"

"பல்லைப் பார் பல்லை!"

"பல்லுக் கட்டிப்போட்டீங்கள் எண்டு நினைச்சன்."

"நான் எப்பவாவது உப்பிடிக் கதைக்கிறனானோ?"

"ரீவியிலை வாறவை எல்லாரும் அப்பிடித்தானே கதைக்கினம். சாதாரணமாக் கதைச்சா ஆர் பாக்கிறது?"

எல்லாவற்றுக்கும் பதில் வைத்திருந்தாள். ஒரு பொய்யை நம்பிவிட்டவரிடம் எவ்வளவு பதில் இருக்கிறது பாருங்கள்! உண்மை சொல்லுகிறவள் நான்தான் திக்கித் திணறிக்கொண்டு நின்றேன்.

பிறகுதான் அவள் காலைப் பார்த்தேன். கணுக்காலில் துணி சுற்றியிருந்தது. முந்தின கிழமை பனங்காய் பொறுக்கப் போனவள், கருக்குமட்டையில் காலைக் கிழித்துக்கொண்டு வந்தாள். சின்னக் காயம். இதற்குள் ஆறியிருக்க வேண்டும். ஆனால் துணியில் மஞ்சளாக நீர் ஊறியிருந்தது.

சீனி வருத்தக்காரரின் காலில் புண் ஆறாவிட்டால் என்ன நடக்கும் என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. பரமேஸின் சொந்த அண்ணன் ஒற்றைக் காலோடுதான் கடைசிக் காலத்தைக் கழித்தவர். அவருக்குச் சோறு போட்டது இவள்தான்.

"குளிசை எங்கை?"

"கோழிக்கூட்டுக்குப் பின்னாலை கொட்டிப்போட்டன். நீங்கள் கொட்டினனீங்கள்தானே?"

எனக்கு வந்த கோபத்தை என்னவென்று சொல்ல? கத்திவிட்டேன். விசரி என்றேன், அறிவில்லையோ என்றேன். சொல்லக்கூடாது... சொல்லிவிட்டேன். அவளும் சும்மா இருக்கிறவள் இல்லை.

"ஓமோம், எனக்கு இப்ப விளங்குது. கம்பனிக்காரன் பேசினபடி தரேல்லைப் போலை. அதுதான் கதையை மாத்திறியள். பேப்பரிலை எழுதிறனீங்கள், பெரிய ஆள்! நாங்கள் சொன்னதை நம்பிக் குடிக்கிற சனம்!"

படலையை நான் சாத்திய சத்தத்தில் அவளுடைய கோழிகள் வேலி தாண்டிப் பறந்தன. பஸ்ஸில் தனியாகப் போனேன். வாங்கில் தனியாக இருந்தேன். பிரஷர் கூடியிருக்கிறது என்றார் டொக்டர். கூடாமல்?

என்னைத் தெரிந்த உங்களுக்கு இதுவும் தெரியும். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். எழுத்துப் பிழை திருத்துவது ஆசிரியரின் வேலை, சொல்லுவது என் வேலை என்று பிரித்துக்கொண்டுதான் இந்தப் பத்தி ஓடுகிறது. காணி இல்லை, நகை இல்லை. என்னிடம் இருப்பது ஒரு வாக்கு. அன்னலட்சுமி சொன்னால் அது சரியாக இருக்கும் என்று நாலு பேர் நினைக்கிறார்களே, அவ்வளவுதான் என் சொத்து. அதைத்தான் யாரோ, விழா வீடியோவில் இருந்த என் முகத்தை மெசினில் பேசவைத்து, தூளோடு கலந்து விற்றிருக்கிறார்கள்.

விடுவேனா?

முதலில் அந்த விளம்பரத்தில் போட்டிருந்த நம்பருக்கு எடுத்தேன். தேன் மாதிரிக் குரலோடு ஒரு பிள்ளை.

"வணக்கம் அம்மா, எத்தனை பக்கற் வேணும்?"

"எனக்குப் பக்கற் வேண்டாம் பிள்ளை. உங்கடை விளம்பரத்திலை வாற மனுசி நான்தான்."

"ரொம்பச் சந்தோஷம் அம்மா. எத்தனை பக்கற் அனுப்பட்டும்?"

"நான் உந்தத் தூளைக் கண்ணாலையும் கண்டதில்லை எண்டு சொல்லுறன்!"

"கவலைப்படாதீங்க அம்மா, மூணு பக்கற் எடுத்தா ஒண்ணு இலவசம்."

எனக்கே என் முகத்தைக் காட்டி மூன்று பக்கற் விற்கப் பார்த்த கெட்டித்தனத்தை என்ன சொல்ல! யார் நடத்துகிற கம்பனி, எந்த ஊர், எந்த வீதி என்று கேட்டேன். லைன் அறுந்துவிட்டது. அந்தக் கேள்விக்கு மட்டும் எப்போதும் லைன் அறுந்துவிடும் போல.

அடுத்தது மகன் குமரன். ரொறன்ரோவில் இருக்கிறான். வேலை என்ன தெரியுமா? கம்பனிகளுக்காக இன்டர்நெட்டில் விளம்பரம் வாங்கிக் கொடுப்பது! அவன் என்ன வேலை செய்கிறான் என்று இத்தனை வருஷமாக நான் கேட்டதே இல்லை. 'ஒஃபிஸ் வேலை' என்று ஊருக்குச் சொல்லிக்கொண்டு திரிந்தேன். இப்போது கேட்டேன்.

"அம்மா, நீங்கள் போனிலை ஒரு பக்கம் திறக்கிறியள் எண்டு வையுங்கோ. அந்தப் பக்கம் வடிவாத் திறபட முன்னமே ஒரு ஏலம் நடந்து முடிஞ்சிடும். இந்த மனுசியின்ரை கண்ணுக்கு முன்னாலை ஆற்றை விளம்பரம் வாறது எண்டு."

"என்ரை கண்ணை ஆர் ஏலம் விடுறது?"

"உங்கடை கண்ணை மட்டுமில்லை, எல்லாற்றை கண்ணையும்தான்."

"ஆர் கூறினது, ஆர் எடுத்தது எண்டு எனக்குச் சொல்ல வேண்டாமோ?"

குமரன் சிரித்தான். சந்தோஷச் சிரிப்பில்லை. "அதுதானம்மா பிரச்சினை. விளம்பரம் குடுக்கிறவனுக்கும் பாக்கிறவருக்கும் நடுவிலை கனபேர் நிக்கினம். ஏஜென்ற், ஏஜென்ற்றுக்கு ஏஜென்ற்... ஒருத்தரைக் கேட்டா மற்றவரைக் காட்டுவினம். சில இடத்திலை பாக்கிறதே மனுசர் இல்லை, மெசின். விளம்பரம் குடுத்தவனையும் ஏமாத்துவாங்கள், பாத்தவரையும் ஏமாத்துவாங்கள்."

எங்கள் கோயிலில் மாம்பழம் ஏலம் விடுகிறோம். யார் கேட்டது, என்ன நேர்த்திக்காகக் கேட்டது, யாரோடு போட்டிக்கு நின்று கேட்டது என்று அடுத்த நாள் காலையில் தீவு முழுக்கத் தெரியும். ஒரு மாம்பழத்துக்கு இருக்கிற வெளிச்சம் மனுசக் கண்ணுக்கு இல்லையா?

குமரன் பாவம், அவன் தொழிலைத் திட்டினால் அவனுக்கும் சுடும்தானே. "எல்லாரும் கள்ளர் இல்லையம்மா. ஒழுங்கான விளம்பரமும் இருக்கு" என்றான். உண்மைதான். சாட்டிக் கடற்கரையில் மீன் போட்ட கூழ் விற்கிற ஒரு பிள்ளையும் இதே போனில்தான் விளம்பரம் போடுகிறாள். தன் முகம், தன் பெயர், கடை இருக்கிற இடம், இன்றைக்கு என்ன மீன் கிடைத்தது — எல்லாம் சொல்லுவாள். கூழ் உறைப்பென்றால் நேரே போய்ச் சண்டை பிடிக்கலாம். ஆனால் ஒரு கள்ளத் தூள் விளம்பரத்துக்குப் பக்கத்தில் அவளுடைய கூழைக் கண்டால், கூழையும் யார் நம்புவது?

விளம்பரத்துக்குக் காசு கொடுத்தது யார் என்று இன்டர்நெட்டில் பார்க்கிற ஒரு இடத்தையும் குமரன் தேடிக் காட்டினான். இருந்தது. பெயர் இருந்தது, நாடும் இருந்தது. அந்தப் பெயருக்குத்தான் ஆள் இல்லை.

முறைப்பாடு செய்தோம். விளம்பரம் ஓடுகிற கம்பனியிலிருந்து பதில் வந்தது: நாங்கள் பார்த்தோம், எங்கள் விதிகளுக்கு மாறாக ஒன்றையும் காணவில்லை. என் முகத்தை நானே 'இது நான் இல்லை' என்று சொல்லுகிறேன். அவர்கள் பார்த்தார்களாம்! திரும்பவும் எழுதினோம். அந்தப் பக்கத்தை எடுத்தார்கள். இரண்டு நாள் கழியவில்லை, வேறு பெயரில் அதே மஞ்சள் சீலை, அதே பல்.

இதற்கிடையில் வேலிப் பொட்டால் பரமேஸைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். கிணற்றடிக்கு நடக்கிறபோது காலை இழுத்தாள். "பரமேஸ்!" என்றால் மறுபக்கம் திரும்பினாள். நான் குளிசை கொடுத்து அனுப்பிய ஆட்களையும் திருப்பி அனுப்பிவிட்டாள். நான் சொன்னதாக நம்புகிற ஒன்றைப் பிடித்துக்கொண்டு, நான் சொல்லுவதைக் கேட்கமாட்டேன் என்று நிற்கிறாள்! இவளுடைய காலும் போய்விடுமோ என்று எனக்குப் பயம்.

போனில் வந்த பொய்யைப் போனில் துரத்திப் பிடிக்க ஏலாது. சரி, எங்கள் ஊரில் ஒரு செய்தியை எப்படிச் சொல்லுகிறோம்?

தவராசாவின் ஓட்டோ இருக்கிறது. கூரையில் ஸ்பீக்கர் கட்டி, திருவிழா, விளையாட்டுப் போட்டி, செத்தவீடு என்று தீவு முழுக்க அறிவிக்கிறவர். குரல் நல்ல கனத்த குரல். கூப்பிட்டேன். வந்து இறங்கியவர் முகத்தைத் துக்கமாக வைத்துக்கொண்டு கேட்டார்:

"ஆர் மாமி, செத்தது?"

"ஒருத்தரும் சாகேல்லை. நீர் இரும், தேத்தண்ணி குடியும். நான் சொல்லுறதை அப்படியே சொல்ல வேணும்."

சொன்னேன். அவர் எழுதிக்கொண்டார். பிறகு கனத்த குரலில் வாசித்துக் காட்டினார்: "சுருவிலைப் பிறப்பிடமாகவும் வதிவிடமாகவும் கொண்டவரும், காலஞ்சென்ற கந்தையாவின் மனைவியும், ரொறன்ரோவில் வசிக்கும் குமரனின் அன்புத் தாயாருமாகிய திருமதி அன்னலட்சுமி அவர்கள்... எந்தவொரு தூளும் விற்கவில்லை என்பதையும், போனில் வருவது அவர் அல்ல என்பதையும், எவரும் குளிசையை நிறுத்த வேண்டாம் என்பதையும் இத்தால் அறியத் தருகிறோம்."

வாசித்து முடித்துத் தலையைச் சொறிந்தார். "மாமி, இது கொஞ்சம்... அந்தச் சங்கதி மாதிரிக் கிடக்கு."

"எந்தச் சங்கதி?"

"இல்லை... சும்மா. முன்னுக்குக் கொஞ்சம் சுருக்குவமோ?"

"என்னத்தைச் சுருக்கிறது? நான் ஆர், ஆற்றை மனுசி, எந்த ஊர் எண்டு சொல்லாமல் சனத்துக்கு ஒரு செய்தி சொல்லுறதோ? நான் என்ன தூள் கம்பனியே?"

தவராசா ஓட்டோவை எடுத்துக்கொண்டு போனார்.

நான் குசினிக்குள் இருந்து தேங்காய் துருவிக்கொண்டிருந்தேன். கனநேரம் ஆகவில்லை. படலைப் பக்கம் ஒப்பாரி கேட்டது. நல்ல சத்தமான ஒப்பாரி. ஐயோ, யாரோ போய்விட்டார்களே என்று துருவலையை விட்டுவிட்டு ஓடினேன்.

முற்றம் நிறையப் பெண்கள். தலைவிரிகோலமாக நின்ற சின்னம்மாவின் மகளைப் பிடித்து உலுக்கினேன்.

"ஆரடி செத்தது?"

அவள் என்னைப் பார்த்தாள். வாய் திறந்தபடியே நின்றது. ஒப்பாரி ஒவ்வொரு ஆளாக நின்றது, குழாயைப் பூட்டினமாதிரி.

"நீங்கள்தான் அக்கா" என்றாள்.

விளங்குகிறதா என்ன நடந்தது என்று? தவராசா ஓட்டோவை நிற்பாட்டாமல் ஓடிக்கொண்டே அறிவிக்கிறவர். ஒரு தெரு ஒழுங்கைக்குக் கேட்டது 'பிறப்பிடமாகவும்', அடுத்த ஒழுங்கைக்குக் 'காலஞ்சென்ற', அதற்கடுத்ததற்கு 'அன்னலட்சுமி அவர்கள்'. தூள் கதை வருகிறபோது ஓட்டோ வயலடியில் நிற்கிறது, கேட்பதற்கு மாடுதான். எங்கள் தீவில் அந்த ஸ்பீக்கரில் மரண அறிவித்தல் மாதிரி இப்படி ஒரு பெயர் வந்தால் மிச்சத்தைக் கேட்க யார் நிற்கிறார்கள்? வெள்ளைச் சீலையைத் தேடுவார்கள்.

கதிரை வாடகைக்கு விடுகிறவர் லான்ட்மாஸ்டர் உழவு மெசினில் கதிரையோடு வந்துவிட்டார். என்னைக் கண்டதும், "அப்ப... இறக்கிறதோ, விடுறதோ?" என்று கேட்டார்.

"இறக்கும்! வந்த சனம் நிக்கிறதோ?" என்றேன்.

தேங்காய்ப் பால் விட்டு நான் வைக்க இருந்த கஞ்சி தேத்தண்ணியாக மாறியது. வந்தவர்களில் பாதிப்பேர் சிரிக்கிறார்கள், மீதிப்பேர் அழுத கண்ணைத் துடைக்கிறார்கள். ஒருத்தி சொன்னாள்: "அக்கா, நீங்கள் செத்தா இவ்வளவு சனம் வரும் எண்டு நீங்களே கண்ணாலை கண்டிட்டியள். ஆருக்குக் கிடைக்கும் இந்தக் குடுப்பினை?" சரிதான். மனதுக்குள் ஒரு கணக்கும் போட்டுக்கொண்டேன், யார் யார் வரவில்லை என்று.

வராதவர்களில் முதல் ஆள் பரமேஸ்.

நினைத்து முடிக்கவில்லை, படலையில் அவள் நின்றாள். வேலிப் பொட்டால் வரக்கூடியவள், செத்தவீடு என்றபடியால் முறைப்படி தெருவால் சுற்றி வந்திருக்கிறாள், அந்தக் காலோடு. வெள்ளைச் சீலை. செருப்பில்லை. துணி நனைந்து, மண் ஒட்டியிருந்தது.

"அக்கா... கடைசியாச் சண்டை பிடிச்சுக்கொண்டு போட்டியளே என்ரை அக்கா..." என்று தலையில் அடித்துக்கொண்டு உள்ளே வந்தவள், தேத்தண்ணித் தட்டோடு நின்ற என்னில் வந்து முட்டினாள்.

பிறகு தொடங்கினாளே!

"உங்களுக்கு விசரோ? உயிரோடை இருக்கிற மனுசி இப்படிச் சொல்லிவிடுறதோ? என்ரை நெஞ்சு நிண்டு போச்சு! ரோட்டு முழுக்க அழுதுகொண்டு வாறன், இஞ்சை தேத்தண்ணி ஊத்திறா!"

"பரமேஸ், நான் செத்தது எண்டு உனக்கு ஆர் சொன்னது?"

"என்ரை காதாலை கேட்டனான். தவராசாவின்ரை ஸ்பீக்கரிலை."

"வடிவாக் கேட்டனியோ?"

"வடிவாத்தான். உங்கடை பேர், அத்தான்ரை பேர், குமரன்ரை பேர்..."

"அப்ப நான் செத்திட்டனோ?"

"இல்லையே!"

அவள் கையைப் பிடித்து என் கன்னத்தில் வைத்தேன். "தவராசா எங்களுக்குத் தெரிஞ்ச ஆள். வீடு தெரியும், தாய் தகப்பன் தெரியும், பொய் சொல்லாத ஆள். அந்தாள் சொன்னதிலையே இவ்வளவு பிழை நடந்து, நான் உயிரோடை நிக்கிறன். போனிலை வந்தவன் ஆர்? அவன்ரை படலை எங்கை கிடக்கு? காதாலை கேட்டதைக் கையாலை தொட்டுப் பாத்தாய்தானே... கண்ணாலை பாத்ததையும் ஒருக்காத் தொட்டுப் பார். எனக்குப் பல்லு இருக்கோ?"

வாயைத் திறந்து காட்டினேன். முழு முற்றமும் எட்டிப் பார்த்தது. மானம் போனால் போகட்டும்.

பரமேஸ் பார்த்தாள். வாயைப் பொத்திக்கொண்டு கதிரையில் இருந்தாள். அவள் அழுகிறாளா சிரிக்கிறாளா என்று எனக்குத் தெரியவில்லை. "நான் குளிசையைக் கொட்டிப்போட்டனே அக்கா" என்றாள் கடைசியில்.

அப்போதுதான் நான் எதிர்பார்க்காத ஒன்று நடந்தது. பின்வரிசையிலிருந்து ஒரு குரல்: "நானும் அந்தத் தூள் வாங்கினனான்." திரும்பிப் பார்த்தால் கதிரைக்காரர். "மனுசிக்குச் சொல்லேல்லை" என்றார் — மனுசி அவருக்குப் பக்கத்தில்தான் இருந்தாள். பிறகு ஒரு ரீச்சர். பிறகு கோயில் தர்மகர்த்தாவின் தம்பி. ஒவ்வொருவராக. இத்தனை நாளும் ஒருவரும் வாய் திறக்கவில்லையே!

ஏன்? வெட்கம். ஏமாந்தவர் வெட்கப்படுகிறார்; ஏமாற்றினவன் விளம்பரம் செய்கிறான். எங்களுடைய அந்த வெட்கம்தான் அவனுக்கு முதல். அன்றைக்கு எல்லோரும் சேர்ந்து ஒன்றாக ஏமாந்து, வெள்ளைச் சீலையோடு ஒரு முற்றத்தில் இருந்தபடியால் வெட்கம் கொஞ்சம் கழன்றுவிட்டது.

தவராசா திரும்பி வந்தார். படலைக்கு வெளியில் நின்று, "மாமி, நான் அப்பவே சொன்னனான்..." என்றார்.

"நீர் சொன்னது சரி, நான் கேளாதது பிழை. இப்ப கதையை விட்டிட்டு இவளை ஏத்தும். ஆஸ்பத்திரிக்கு!"

அவசரத்தில் ஸ்பீக்கரை நிற்பாட்ட மறந்துவிட்டார். வழிநெடுகப் பரமேஸ் என்னைத் திட்டியதையும் நான் அவளைத் திட்டியதையும் ஊர்காவற்றுறை வரை சனம் கேட்டிருக்கிறது. நான் உயிரோடு இருக்கிறேன் என்பதற்கு அதைவிட நல்ல அறிவித்தல் வேறு என்ன வேண்டும்?

டொக்டர் தங்கச்சி சின்னப் பிள்ளைதான். துணியை அவிழ்த்துப் பார்த்ததும் முகம் மாறியது. "இன்னும் ஒரு கிழமை விட்டிருந்தால்..." என்று தொடங்கி, பரமேஸின் கண்ணைப் பார்த்துவிட்டு முடிக்காமல் விட்டாள். புண்ணைக் கழுவி, ஆஸ்பத்திரி வாட்டிலேயே மறித்து வைத்து, குளிசையைத் திரும்பத் தொடங்கினார்கள். தூள் பக்கற்றையும் கேட்டு வாங்கினாள். இப்போது கிளினிக் சுவரில் அந்தப் பக்கற்றின் படம் ஒட்டியிருக்கிறது. கீழே எழுதியிருக்கிறது: இதைக் குடிப்பவர்கள் வந்து சொல்லுங்கள், ஒருவரும் ஏச மாட்டோம்.

அந்தக் கடைசி வரிக்காகவே அந்தப் பிள்ளையை நான் கும்பிடுவேன்.

குமரனுக்குச் செய்தி போனது. "அம்மா, நீங்கள் ஒராள் சொன்னாக் கேக்க மாட்டாங்கள். ஊரே சொன்னாக் கேப்பாங்கள்" என்றான். அன்றைக்கு என் முற்றத்தில் இருந்தவர்கள் எல்லோரும் போனை எடுத்தார்கள். ரீச்சர் சொல்லிக் கொடுக்க ஒவ்வொருவராக முறைப்பாடு செய்தார்கள். பாரிஸ், லண்டன், ரொறன்ரோ என்று சிதறிக் கிடக்கிற சுருவில் பிள்ளைகளும் செய்தார்கள். பக்கம் போனது. பிறகு வேறு பெயரில் வந்தது, அதுவும் போனது. இனியும் வரும், எனக்குத் தெரியும். ஆனால் இப்போது வந்தால் அதற்குக் கீழே எங்கள் சனம் எழுதுகிறார்கள்: 'இவ எங்கடை அன்னலட்சுமி அக்கா. இவவுக்குச் சீனி வருத்தமில்லை, பல்லும் இல்லை.' பல்லை விட்டிருக்கலாம். சரி, போகட்டும்.

குமரனும் தன் ஒஃபிஸில் இந்தக் கதையைச் சொன்னானாம். விளம்பரம் கொடுக்க வருகிறவர் உண்மையில் யார், எங்கே இருக்கிறார் என்று கடைசி ஆள் வரை கேட்டுப் பார்த்த பிறகுதான் வாங்குவது என்று அவனுடைய பகுதியில் முடிவெடுத்திருக்கிறார்கள். சின்ன விஷயம்தான். ஆனால் ஒரு கதவு.

அந்தக் கதவில் நான் ஒன்றை எழுதிவைக்க ஆசைப்படுகிறேன். எங்கள் மரண அறிவித்தலின் கடைசி வரியைப் பார்த்திருக்கிறீர்களா? 'தகவல்' என்று போட்டு, கீழே ஒரு பெயர் இருக்கும். மகன், மருமகன், குடும்பத்தினர் — யாரோ ஒருவர். பிழை என்றால் அந்தப் படலையைத் தட்டலாம். ஒருவர் செத்துப்போனார் என்று சொல்லுவதற்கே பொறுப்பேற்க ஒரு ஆள் வேண்டும் என்று வைத்திருக்கிறோம். இந்த மருந்தைக் குடி, உயிரோடு இருப்பாய் என்று சொல்லுகிறவனிடம் அந்த ஒரு வரியைக் கேட்கக்கூடாதா? பெரிய பெரிய கம்பனிகளுக்கு இது தெரியாமலில்லை. நாங்கள் கேட்கவில்லை, அவர்கள் சொல்லவில்லை. இனிக் கேட்போம். ஊராகக் கேட்டால் அசைகிறார்கள் என்பதைக் கண்டுவிட்டோமே.

பரமேஸ் வாட்டிலிருந்து வந்துவிட்டாள். புண் காய்ந்து, தோல் மூடிவிட்டது. இந்தக் கிழமை கிளினிக்குக்கு என்னைக் கூப்பிடாமல் முதல் பஸ்ஸிலேயே போய்விட்டாள். பிந்திப் போய்ப் பார்த்தால், வாங்கின் நடுவில் இருந்துகொண்டு தெரிந்தவர் தெரியாதவர் எல்லோருக்கும் தான் தூள் குடித்து ஏமாந்த கதையைச் சொல்லிக்கொண்டிருக்கிறாள். வெட்கமே இல்லாமல், கைகாலெல்லாம் ஆட்டி! அந்தக் கதையில் என்னைத் தேவைக்கு அதிகமான நேரம் செத்தவளாகவே வைத்திருக்கிறாள்.

வைத்திருக்கட்டும். ஆட்டுவதற்கு அவளுக்கு இரண்டு காலும் இருக்கிறதே!